இரண்டு டம்ளர் தண்ணீர்

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. காலை எட்டு மணிக்கே மலைப் பாறை காய்ந்து அனல் அடித்தது. கொரோனா இரண்டாவது அலைக்குப் போட்ட ஊரடங்கில் கிரிவலப் பாதை முழுக்க நாய்களும் குரங்குகளும்தான் நடமாடின. பௌர்ணமி வந்தால் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் நெரியும் பாதை அது. போண்டாவும் வாழைப்பழமும் கிடைக்காத ஏமாற்றத்தில் குரங்குகள் பூட்டிய கடைகளின் மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

அடி அண்ணாமலையில் அந்தப் பாதையோரம் பதினெட்டு வருஷமாகப் போண்டா கடை போடுகிறவள் பாஞ்சாலை. வயது ஐம்பத்திரண்டு. திருநங்கை. நல்ல உயரம், அதற்கேற்ற குரல். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டு "சூடா போண்டேய்" என்று அவள் ஒரு குரல் விட்டால் நாலு கடை தள்ளிப் போகிறவன் திரும்பி வருவான். போண்டாவைவிட அதற்கு அவள் தரும் மல்லாட்டைத் துவையலுக்குத்தான் கூட்டம். வேர்க்கடலை என்று யாராவது வெளியூர்க்காரர் சொல்லிவிட்டால், "அது உங்க ஊர்ல. இங்க மல்லாட்டை" என்று திருத்திவிட்டுத்தான் தட்டை நீட்டுவாள்.

கடை மூடிய பிறகும் அவள் கை சும்மா இருக்கவில்லை. கொரோனா வந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்த வீடுகளுக்கு இட்லியும் மிளகு ரசமும் செய்து கொடுத்தாள். பக்கத்து வீட்டு வேடியப்பன் தன் ஆட்டோவில் ஏற்றிப்போய் வாசல்வாசலாக வைத்துவிட்டு வருவான். முன்பு அவள் கைப்பட்ட தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காத இரண்டு வீட்டுக்காரர்கள் இப்போது ரசத்துக்குப் போன் செய்து கேட்டார்கள். பாஞ்சாலை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "வாசனை தெரியலயாமே அவங்களுக்கு. அதனாலதான் யார் கைன்னும் தெரியல."

ஆனால் அன்றைக்கு அவள் மனசெல்லாம் பின்னறையில்தான் இருந்தது. அங்கே ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டி, கோரைப்பாயில் ஆர்த்தி படுத்திருந்தாள். அவளுக்கு அது முப்பத்தோராவது நாள்.

ஆர்த்திக்கு இருபத்தேழு வயது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டு வந்தவளைப் பாஞ்சாலை மடியில் உட்கார வைத்து, ஜமாத்து என்று அவர்கள் சொல்லும் திருநங்கைகள் கூட்டத்தின் பெரியவர்கள் முன்னால் மகளாக ஏற்றுக்கொண்டாள். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளைக்காரர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தாள். நல்ல பேர். வேலை பார்த்துக்கொண்டே, பெண்ணாவதற்கான அறுவைச் சிகிச்சைக்குச் சென்னையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் எழுதி வைத்துவிட்டு மூன்று வருஷம் காத்திருந்தாள். முதல் தேதியை முதல் ஊரடங்கு தின்றது. இரண்டாவது தேதியில் அந்த வார்டையே கொரோனா வார்டாக்கிவிட்டார்கள். மூன்றாவது தேதி சித்திரை பிறப்பதற்கு முந்தின நாளாக அமைந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்து ஊர் வந்து சேர்ந்த மறுவாரமே மறுபடி எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள். கடைசிப் பஸ்ஸைப் பிடித்த மாதிரி என்று ஆர்த்தி சொல்வாள்.

நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும் அந்த அறுவைக்குப் பிறகு நாற்பது நாள் விரதம். கண்ணாடி பார்க்கக் கூடாது. தலை சீவக் கூடாது. ஆண் முகத்தைப் பார்க்கக் கூடாது. மகளைத் தாய் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பதாம் நாள் விடியலில் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, பால்குடம் எடுத்து நீர்நிலையில் சேர்த்துவிட்டு, பச்சைப் புடவை கட்டி, முதல் முறையாகக் கண்ணாடியில் அவள் முகத்தை அவளுக்கே காட்டுவார்கள். அன்றைக்குத்தான் அவள் பிறந்தாள் என்று கணக்கு.

பாஞ்சாலை இந்த விரதத்தில் ஒரு புள்ளி பிசகவிடவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் கடப்பா பக்கம், இந்த அறுவையைத் தானே கத்தி பிடித்துச் செய்யும் ஒரு தாயம்மா வீட்டில், டாக்டர் இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல் அவளுக்கு நடந்தது. பிழைத்து வந்ததே திருநங்கைகள் கும்பிடும் மாதா புண்ணியம். அங்கே அவளை எப்படி வைத்துப் பார்த்தார்களோ அப்படியே மகளைப் பார்த்தாள். கெட்டிக் களி, சுட்ட பூண்டு, நாட்டுக்கோழி வறுவல். தண்ணீர் மட்டும் காலையில் ஒரு டம்ளர், பொழுது சாய ஒரு டம்ளர். தண்ணி ஜாஸ்தியானா புண் ஆறாது, சீழ் வைக்கும் என்பது தாயம்மா சொன்ன வாக்கு.

வந்த புதிதில் ஆர்த்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அம்மா, டாக்டரம்மா தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாங்க. சீட்டுலகூட எழுதிக் குடுத்துகீறாங்க."

"அந்த டாக்டரம்மாவா நாப்பது நாள் இருந்தாங்க? நான் இருந்தேன்டி. சொல்றதக் கேளு."

ஆர்த்தி கேட்டாள். நாற்பது நாளும் தாய் சொல்லை மீறாமல் இருப்பதும் விரதத்தில் சேர்த்திதான். ஆஸ்பத்திரிச் சீட்டு, சேவல்மேல் அமர்ந்திருக்கும் மாதா படத்தின் முன்னால் இருந்தது. நல்லபடியாகப் பிழைத்து வந்த காகிதம் என்பதால் பாஞ்சாலை அதற்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். தினம் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். படிக்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

முப்பத்தோராவது நாள் மத்தியானம் களியோடு உள்ளே போனவள், மகளின் நெற்றியில் கை வைத்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னாடி இப்படிக் கொதிக்குது?"

"காத்தால இருந்தே குளுருதும்மா."

"இந்த வெயில்ல குளுருதா?"

"இடுப்புகிட்டயும் வலிக்குது. ஒண்ணும் இல்ல, படுத்தா சரியாயிடும்."

பாஞ்சாலை களித் தட்டைக் கீழே வைத்தாள். ஊர் முழுக்க எதைக் கண்டு கதவை அடைத்துக்கொண்டதோ அது தன் வீட்டுப் பின்னறைக்கே வந்துவிட்டது என்று நினைத்தாள். இட்லிப் பாத்திரங்களோடு அதையும் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று கலங்கினாள். அப்புறம் கலங்குவதை நிறுத்திவிட்டுக் கபசுரக் குடிநீர் காய்ச்சினாள். அதிலும் ஒரு கணக்கு வைத்தாள் பாருங்கள். கஷாயம் அரை டம்ளர் கொடுத்துவிட்டு, சாயங்காலத் தண்ணீரில் அரை டம்ளரைக் குறைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு வாசலில் காய்ச்சல் கணக்கெடுக்கும் பெண் வந்து நின்றாள். எழில் என்று பேர். ஊராட்சியில் சேர்த்துக்கொண்ட தன்னார்வலர். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி.

"வீட்ல எத்தினி பேர்ங்க?"

"நான் ஒருத்திதாம்மா."

"ஆர்த்தி அக்கா?"

"அவ சென்னையில கீறா." பொய் சொன்னதோடு நிற்காமல் நெற்றியைத் தானே முன்னால் நீட்டினாள். "நல்லா பாரு. இரும்பு மாதிரி கீறேன்."

எழில் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். அவள் தலை மறைந்ததும் பாஞ்சாலை கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். பொய் சொன்னது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் சொல்லாமல் எப்படி? சொன்னால் ஆஸ்பத்திரி வண்டி வரும். ஆர்த்தியின் ஆதார் அட்டையில் இன்னும் பழைய பெயர், பக்கத்தில் ஆண் என்று அச்சடித்திருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊருக்குப் போன இடத்தில் பாஞ்சாலை கை முறிந்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆண் வார்டில் கேலி, பெண் வார்டில் கூச்சல். கடைசியில் இரண்டு வார்டுக்கும் நடுவில் நடைபாதையில் இரண்டு நாள் கிடந்தாள். கை கூடிவிட்டது. அந்த நடைபாதை மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. இருபது கட்டில் ஆண்களுக்கு நடுவில், விரதம் முடியாத மகளைக் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்றுதான் பயந்தாள்.

மறுநாள் காலையில் ஆர்த்திக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது. பாஞ்சாலை தைலம் தேய்த்த கையோடு எழுந்து நின்றாள்.

"கெளம்புடி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நான் வரல."

"என்னாது?"

"இன்னும் எட்டு நாள்தாம்மா கீது." ஆர்த்தியின் குரல் பாயிலிருந்து கிளம்பி மேலே வரவே சிரமப்பட்டது. "மூணு வருசம் காத்துனு இருந்தேன். ஆஸ்பத்திரியில எல்லாம் ஆம்பளைங்க இருப்பாங்க. விரதம் கெட்டுப்போச்சுன்னா ஜமாத்துல நாளைக்கு என்னா சொல்லுவாங்க? அரைகொறைன்னு சொல்லுவாங்க. வேணாம்மா."

தான் ஊட்டி வளர்த்த பிடிவாதம் இப்படித் தன் முன்னாலேயே வந்து நிற்கும் என்று பாஞ்சாலை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"விரதம் நீ உசுரோட இருந்து முடிக்கறதுக்குடி. கெட்டுதுன்னா என்மேல சொல்லட்டும். தாய்க்காரி நான் இட்டுனு போனேன்னு ஜமாத்து முன்னால நான் நின்னு சொல்றேன். பைத்தியம் மாதிரி பேசாத, எழுந்துரு."

"எழுந்துக்க முடியலம்மா."

அந்த ஒரு வார்த்தை பாஞ்சாலைக்குப் போதும். பின்பக்கச் சுவருக்கு ஓடி, கையைத் தட்டினாள். திருநங்கைகள் தட்டும் தட்டு அது, நாலு தெருவுக்குக் கேட்கும்.

"யோவ் வேடியப்பா! வண்டிய எடு!"

"அஞ்சு நிமிசம்க்கா!" என்று சத்தம் மட்டும் வந்தது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வேடியப்பன் ஆண்பிள்ளை. மீசை வைத்த ஆண்பிள்ளை. முதல் முகமே அவன் முகமாகத்தான் இருக்கப்போகிறது. சரி, ஆனது ஆகட்டும் என்று மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. அதன் பக்கத்தில் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒரு உருவம் நின்றது. முகத்தில் கறுப்புக் கண்ணாடி, மூக்கிலிருந்து தாடை வரை மாஸ்க், அதற்குமேல் பிளாஸ்டிக் தடுப்பு.

"யாருப்பா நீ?"

"நான்தாங்க்கா வேடியப்பன். நோயாளிங்கள ஏத்தினு போறவங்களுக்கு கிட்டு குடுத்தாங்க. உள்ள வேர்வையில குளிச்சுனு கீறேன். சீக்கிரம் ஏறுங்க."

பாஞ்சாலை அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மீசை இல்லை. மூக்கு இல்லை. வேடியப்பனே இல்லை. அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய் ஆர்த்தி! தலையத் தூக்கிப் பாருடி. ஆம்பளைதான் நிக்கறான், மூஞ்சியே இல்ல!"

ஆர்த்தி முந்தானைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். காய்ச்சலில் வறண்டு போன உதடு லேசாக விரிந்தது. "மாதா நம்ம பக்கம்தாம்மா" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜனம் நின்றது. பாஞ்சாலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் என்ன சொன்னால் என்ன பதில் கொடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த சண்டையோடு போனாள். கையில் மஞ்சள் பூசிய சீட்டு, ஆதார் அட்டை. வெள்ளைக் கிட்டு போட்ட ஒரு நர்ஸ் எதிரே வந்தாள். மார்பில் மார்க்கர் பேனாவால் 'த்ரிசலா' என்று எழுதியிருந்தது.

"அட்டையில ஆம்பளைன்னு போட்டுருக்கும்மா" என்று பாஞ்சாலை எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்தினாள். "ஆனா இவ பொம்பளை. ஆம்பளை வார்டுன்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

"பேரு என்னம்மா?" என்று நர்ஸ் ஆர்த்தியிடம் கேட்டாள்.

"ஆர்த்தி."

நர்ஸ் ஆர்த்தி என்று எழுதினாள். பெண் என்ற இடத்தில் ஒரு டிக் போட்டாள். "டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தனி ரூம். அப்பறம் பொம்பளைங்க வார்டு. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வீல் சேர் வருது."

அவ்வளவுதான். கொண்டுபோன சண்டை அத்தனைக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் பாஞ்சாலை இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துக் கீழே விட்டாள்.

"இன்னொண்ணும்மா" என்று குரலை இறக்கினாள். "இது நாப்பது நாள் விரதம். ஆம்பளை முகம் பாக்கக் கூடாது. கண்ணாடியும் கூடாது."

"நான் ஜைனப் பொண்ணுங்க. எங்க வீட்ல விரதத்துக்குப் பஞ்சமில்ல. எங்க அம்மா பொழுது சாஞ்சா பச்சத் தண்ணி பல்லுல படவிட மாட்டாங்க." நர்ஸின் கண்கள் மட்டும் கண்ணாடிக்குள் சிரித்தன. "எங்க டாக்டர் ஆம்பளைதான். ஆனா அவர் முகத்த நானே பாத்து ஒரு மாசம் ஆச்சு. கண்ணாடிக்கு நான் வழி பண்றேன்."

டாக்டரின் மார்பில் 'ஆதவன்' என்று எழுதியிருந்தது. அவர் ஆர்த்தியின் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தார். மூச்சு நன்றாக இருந்தது. இருமல் இல்லை. வாசனை தெரிந்தது. முதுகில் இடுப்புக்கு மேல் லேசாகத் தட்டியதும் ஆர்த்தி கத்திவிட்டாள். அவர் மஞ்சள் பூசிய சீட்டை வாங்கி, குங்குமத்தை விரலால் சுரண்டிவிட்டுப் படித்தார்.

"ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கு?"

ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். "பத்து நாளா எரியுதுங்க. ரெண்டு நாளா சொட்டு சொட்டாதான்."

பத்து நாளா? பாஞ்சாலை மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி எவ்வளவு குடிக்கறாங்க?"

இந்தக் கேள்விக்குப் பாஞ்சாலை பெருமையோடு முந்திக்கொண்டாள். "ரெண்டே டம்ளர் சார். அவ்ளோ பத்தியமா பாத்துக்கறேன். ஒரு சொட்டு ஜாஸ்தி குடுக்கல."

டாக்டர் சீட்டைத் திருப்பி, குங்குமக் கறைக்கு அடியில் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"ஒரு நாளைக்கு மூணு லிட்டர்னு எழுதியிருக்கும்மா. உங்க காலத்துல குழாய் கெடையாது, தையல் கெடையாது, மருந்து கெடையாது. அப்ப வேற. இப்ப இந்த வழியில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். ஓடலன்னா அழுக்கு தங்கும். தங்கித்தான் சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கு. எனக்குத் தெரிஞ்சு இது கொரோனா இல்ல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இப்ப சரி பண்ணிடலாம்."

பாஞ்சாலை கையிலிருந்த ஆதார் அட்டையைக் கீழே போட்டுவிட்டாள். குனிந்து எடுக்கக்கூட இல்லை.

வார்டில் கூட இருக்க யாரையும் அனுமதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் அடியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பாஞ்சாலையும் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது கொரோனாவுக்காகவா தனக்காகவா என்று அவள் யோசிக்கவும் இல்லை. நானே என் கையால் கொல்லப் பார்த்தேனே என்ற ஒரே நினைப்புதான். அவளுக்கு யாரும் கொடுக்காத தண்டனையை அவளே கொடுத்துக்கொண்டு, வெயில் இறங்கும்வரை வாயில் ஒன்றும் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் த்ரிசலா வேலை முடித்துக் கிட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. தலை மழையில் நனைந்த மாதிரி. மரத்தடிக்கு வந்து, நாலடி தள்ளி நின்று, பையிலிருந்து ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து கடகடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பாஞ்சாலை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழாய் போட்டு வழி பண்ணியாச்சும்மா. நல்லா போகுது. ஊசி ஏறிக்கிட்டு இருக்கு. காய்ச்சல் எறங்கிடும்."

பாஞ்சாலை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"என்னம்மா இப்படிப் பாக்கறீங்க? தண்ணியா? கிட்டுக்குள்ள இருக்கற ஆறு மணி நேரம் நாங்க ஒரு சொட்டு குடிக்க மாட்டோம். குடிச்சா பாத்ரூம் போகணும். கிட்டக் கழட்டினா மறுபடி போட முடியாது. அதனால பழகிக்கிட்டோம். போன மாசம் எனக்கே எரிச்சல் வந்து, இதே டாக்டர்கிட்டதான் திட்டு வாங்கினேன்."

பாஞ்சாலை நிமிர்ந்தாள்.

"அதுவும் அப்படித்தானா?"

"எது?"

"நானும் தண்ணி குடிக்கறதில்லம்மா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "விரதத்துக்கு மட்டும் இல்ல, எப்பவுமே. பௌர்ணமிக்குக் கடை போட்டா மத்தியானத்துல இருந்து விடியற வரைக்கும் ஒரு வாய் குடிக்க மாட்டேன். குடிச்சா எங்க போறது? ஆம்பளைங்க பக்கம் போனா கைய வெப்பான். பொம்பளைங்க பக்கம் போனா கத்துவாங்க. அப்பால அதுவே பழகிப்போச்சு. ரெண்டு டம்ளர் போதும்னு என் ஒடம்பே நெனச்சுக்கிச்சு. என் மகளுக்கும் அதையே குடுத்தேன்."

த்ரிசலா நாலடி தூரத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எவ்ளோ வருசமா?"

"முப்பது."

"நான் ஒரு வருசமா கிட்டுக்குள்ள இருக்கேன். அதுக்கே அழுதுடறேன்ம்மா."

"நான் முப்பது வருசமா கிட்டு போட்டுனு கீறேன் போல. யாரும் கழட்டுன்னு சொல்லல." பாஞ்சாலை மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மனசு ஏனோ கொஞ்சம் லேசானது. "நீ சாப்புட்டியாம்மா? பொழுது சாயப்போகுது, அப்பால நீ சாப்புட மாட்டியே. மல்லாட்டைத் துவையல் கீது, பூண்டு வெங்காயம் போடாம நாளைக்கு அரைச்சுனு வரேன்."

மறுநாள் கொரோனா இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஆர்த்தியைப் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே மூன்று பெண்கள் இருந்தார்கள். முதல் நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி, "ஏம்மே, தலை சீவாம ஏன் இப்படி வெச்சினு கீற?" என்று கேட்டாள். ஆர்த்தி விரதத்தைச் சொன்னாள். அதன் பிறகு வார்டுக்குள் யாராவது மாஸ்க் இல்லாமல் எட்டிப் பார்த்தால், அந்த மூன்று பெண்களும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். "முகத்த மூடிக்கிட்டு வாய்யா, பொண்ணு விரதத்துல கீது!" அந்த ஆஸ்பத்திரியில் அந்த வார்டைப் போல மாஸ்க் ஒழுங்காகப் போட்ட இடம் வேறு கிடையாது என்று டாக்டர் சொன்னாராம். கைகழுவும் இடத்துக் கண்ணாடிமேல் த்ரிசலா நாலு பக்கமும் பிளாஸ்திரி போட்டு ஒரு செய்தித்தாளை ஒட்டியிருந்தாள்.

பாஞ்சாலை தினமும் இரண்டு வேளை வேடியப்பன் ஆட்டோவில் வந்தாள். தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கூழ், மோர், நுங்கு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். போனில் மகளிடம் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"குடிச்சியா? எத்தினி பாட்டிலு?"

"ரெண்டு ஆச்சும்மா."

"மூணாவத எடு. நான் கேட்டுனு கீறேன், குடி."

போனில் மடக் மடக்கென்று சத்தம் கேட்கும்வரை வைக்க மாட்டாள். தண்ணீர் கொடுக்காதே என்று ஒற்றைக் காலில் நின்றவள், இப்போது தண்ணீர் கொடுத்தே மகளை மூழ்கடித்துவிடுவாள் போலிருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ஒரு கோடை மழை பெய்து மலை முழுக்க மண் வாசனை. எழில் வாசலில் நின்று, "அக்கா சென்னையில இருந்து எப்ப வந்தாங்க?" என்று பாஞ்சாலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பாஞ்சாலை காதைப் பிடித்துக்கொண்டு தப்பு என்றாள். அடுத்தமுறை பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நீயும் எங்களுக்குக் காய்ச்சல் அடிச்சா ஆம்பளை வார்டுன்னு எழுதிடாதே என்று ஒரு நிபந்தனையும் போட்டாள்.

நாற்பதாம் நாள் என்றால் விழுப்புரம், வேலூர், சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ ஜமாத்து வந்து இறங்க வேண்டும். ஆட்டம் பாட்டம், பிரியாணி என்று தெரு அதிர வேண்டும். ஊரடங்கில் யாரும் வரவில்லை. விடியும்போது பாஞ்சாலை மட்டும் மகளை மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பச்சைப் புடவை கட்டினாள். நாற்பது நாள் சிக்கை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தாள். ஆர்த்தி பால்குடம் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள, இரண்டு பேருமாக யாருமில்லாத கிரிவலப் பாதையில் குளக்கரைக்கு நடந்தார்கள். மலை மேல் முதல் வெளிச்சம் விழுந்தது. இத்தனை அகலமான பாதையில் தனக்கு மட்டும் இடம் விட்டு ஊரே ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது என்று ஆர்த்தி சொன்னாள். பாலைக் குளத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மாதா படத்தின் முன்னால் பாஞ்சாலை மகள் கையில் கண்ணாடியைக் கொடுத்தாள். ஆர்த்தி வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"எப்படி கீறேன்மா?"

"நான் பெத்திருந்தா இவ்ளோ அழகா பொறந்திருக்க மாட்ட" என்றாள் பாஞ்சாலை.

பின்பக்கச் சுவருக்கு மேலே சத்தம் வந்தது. "அக்கா! நாப்பது முடிஞ்சுதா? நான் இப்ப மூஞ்சியக் காட்டலாமா?"

"காட்டுய்யா!"

வேடியப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு சுவருக்கு மேல் எழும்பினான். ஆர்த்தி அவனைப் பார்த்துவிட்டு, "இதுக்கா நாப்பது நாள் காத்துனு இருந்தேன்?" என்றாள். வேடியப்பனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

வழக்கப்படி மகள் தாயின் காலில் விழுந்து எழ வேண்டும். தாய், என்ன வேண்டும் கேள் என்று சொல்ல வேண்டும். ஆர்த்தி விழுந்து எழுந்தாள்.

"என்னா வேணும், கேளுடி."

ஆர்த்தி சமையல்கட்டுக்குப் போய்ப் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இத நீ குடிக்கணும்."

பாஞ்சாலை சொம்பைப் பார்த்தாள். "இவ்ளோவா? எனக்கு எதுக்குடி? நான் நல்லாத்தானே கீறேன்."

"அந்த நர்ஸக்கா எல்லாம் சொன்னாங்கம்மா."

பாஞ்சாலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கட தொறந்தா அப்பால எங்கடி போவேன்?"

"அன்னிக்கி நான் கூட வரேன். பொம்பளைங்க பக்கம் ரெண்டு பேரும் சேர்ந்து போலாம். எவ கத்தறான்னு பாக்கறேன். இன்னிக்கி வீட்லதானே கீற, குடி."

வீட்டில்தான் இருந்தாள். பின்பக்கம் நாலு எட்டில் அவளுடைய சொந்தக் கழிப்பறை, கதவும் தாழ்ப்பாளுமாக இருந்தது. இத்தனை வருஷம் அதைக்கூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை. சொம்பை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் மடக்கு தொண்டையில் சிக்கியது. இரண்டாவது இறங்கியது. அப்புறம் நிறுத்தவே இல்லை. தாடையில் வழிந்து, கழுத்தில் வழிந்து, ரவிக்கை நனைய நனைய, சொம்பு கவிழ்கிறவரை குடித்தாள். கண்ணில் வழிந்ததையும் அதோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

வெறும் சொம்பை மகளிடம் நீட்டினாள்.

"இன்னொரு சொம்பு கொண்டா" என்றாள்.